மீன் எண் முப்பத்தேழு

மீனுக்கு மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்த முதல் நர்ஸ் நானாகத்தான் இருக்க வேண்டும். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆளுக்கு லீவு எழுதிக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டு போனவள் நான். மீனுக்குக் கேட்காமலே கிடைத்தது.

என் பெயர் ஹெப்சி. வீடு சத்துவாச்சாரி. வேலை ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில், முதலுதவி அறை என்று பலகை மாட்டிய ஒரு சின்ன ரூமில். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு நாற்காலி. யாராவது விரலை வெட்டிக்கொண்டு வந்தால் கட்டுப் போடுவேன், தலை சுற்றி விழுந்தால் எலெக்ட்ரால் கரைத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் என்றால் வேலூருக்கு அனுப்புவேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை என் எதிரில் சௌந்தரம் உட்கார்ந்திருந்தாள். டிரிம்மிங்கில் வேலை செய்கிறவள். பதப்படுத்துகிற குரோம் ரசாயனம் ஏற்றி நீலமாக வரும் ஈரத்தோலின் ஓரங்களை நாள் முழுக்க நறுக்க வேண்டும். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வருகிறாள், காண்ட்ராக்ட் ஆள். இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள். உள்ளங்கை முழுக்க வெடிப்பு, விரல் இடுக்கில் கொப்புளம், அதன் மேல் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து கிடந்தது.

"சோறு பிசைய முடியல சிஸ்டர். ஸ்பூன்ல சாப்புடுறேன். எம்பொண்ணு என்னை தொரசாணின்னு கிண்டல் பண்ணுது," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது.

குரோம் ஒத்துக்கொள்ளாத கை அது. அந்த ஈரத்திலிருந்து விலகி இரண்டு வாரம் இருந்தால் ஆறும். அதற்குப் பிறகு நல்ல கையுறை வேண்டும், முடிந்தால் வேறு செக்‌ஷன் வேண்டும். இதை மூன்று மாதத்தில் நாலு முறை மேனேஜருக்கு எழுதிவிட்டேன். நாலு முறையும் ஒரே பதில்தான் வந்தது: காண்ட்ராக்ட் ஆளுக்கு ரெஸ்ட் கொடுக்க ஃபார்மட் இல்லை. ஈ.எஸ்.ஐ. கார்டோ இரண்டு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது. அவளாக வீட்டில் உட்கார்ந்தால், பத்து நாள் தாண்டியதும் பேருக்கு நேரே 'தானாக நின்றுவிட்டார்' என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். எனக்கோ ஐந்தாவது லெட்டர் எழுத வேண்டும் என்று நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

கதவு படீரென்று திறந்தது. மேனேஜர் இஷ்தியாக் அகமது நின்றார். கெட்ட மனிதர் இல்லை. பேப்பரைக் கண்டால் மட்டும் தொழுகைக்கு நிற்கிற மாதிரி நிற்பார்.

"சிஸ்டர், எமர்ஜென்சி! உடனே வாங்க. உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையா பொட்டு!"

"யாருக்கு சார்?"

"மீனுக்கு!"

சௌந்தரம் தன் கைகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

எங்கள் ரிசப்ஷனில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. சும்மா அழகுக்கு வைத்ததில்லை. தோல் கழுவிய தண்ணீரைச் சுத்தம் பண்ணி, அந்தத் தண்ணீரிலேயே மீன் உயிரோடு இருக்கிறது பாருங்கள் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. பன்னிரண்டு தங்கமீன். பக்கத்தில் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மீட்டர், சிவப்பு எழுத்தில் எப்போதும் மின்னிக்கொண்டிருக்கும். நானூறைத் தாண்டக் கூடாது. இன்னும் பதினாறு நாளில் வெளிநாட்டு ஷூ கம்பெனி அனுப்பும் ஆடிட்டர் வரப்போகிறார். மீன் செத்தால் தண்ணீர் மோசம், தண்ணீர் மோசம் என்றால் ஆர்டர் போச்சு.

தொட்டிக்கு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. மீன்கள் மேல் ரவையைத் தூவிவிட்ட மாதிரி பொட்டு. இரண்டு மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சுத்தம் பண்ணும் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிற இன்பசேகரன் முகம் சிவந்து நின்றார்.

"என் தண்ணியில கோளாறு கிடையாது. வேணும்னா இப்பவே குடிச்சுக் காட்டறேன்," என்று டம்ளரைத் தொட்டியில் விட்டார்.

"யோவ், அதுல குடிக்காத, அது பேஷன்ட் இருக்கற தண்ணி!" என்று மேனேஜர் கத்தினார்.

என் மகன் நெல்வின் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டில் மீன் வளர்த்தவன். இந்தப் பொட்டை எனக்குத் தெரியும். வெள்ளைப்புள்ளி நோய், ஒட்டுவாரொட்டி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று மீன்மேல் ஒட்டித் தின்று, உதிர்ந்து, தொட்டியின் அடியில் பெருகி, திரும்பவும் மீனைப் பிடிக்கும். போன வாரம் புதிதாக ஒரு மீன் வாங்கி நேராகத் தொட்டியில் விட்டிருக்கிறார்கள். அதுதான் கொண்டுவந்திருக்கிறது. தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னதும் இன்பசேகரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வைத்தியம் இன்னா?" என்றார் மேனேஜர்.

"ஏ.சி.யை நிறுத்தணும். தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். அப்புறம் உப்பு போடணும்."

இன்பசேகரன் கையை உதறினார். "உப்பா? இருவது வருஷமா தண்ணியிலேர்ந்து உப்பைப் பிரிச்சு எடுக்கறதுக்குத்தான் எனக்கு சம்பளம். நீங்க அதுலயே உப்பு போடச் சொல்றீங்களா?"

பின்னால் குடோனில் தோலுக்குத் தடவ மூட்டை மூட்டையாக உப்பு அடுக்கியிருக்கிறது. மழை வந்தால் கம்பெனி ரோடே உப்பாக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தொட்டிக்கு ஒரு பிடி உப்புப் போட முடியவில்லை. போட்டால் மீன் பிழைக்கும், மீட்டர் இரண்டாயிரத்தைத் தாண்டும். போடாவிட்டால் மீட்டர் அழகாக நானூறு காட்டும், அடியில் மீன் செத்துக் கிடக்கும். மேனேஜர் மீட்டரையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிஸ்டர், நோயாளிங்களை உங்க ரூமுக்கு ஷிஃப்ட் பண்ணிடுங்க. அங்க உப்பு போடுங்க, இன்னா வேணா போடுங்க. தொட்டி காலியா இருக்கக் கூடாது. வேற பன்னெண்டு வாங்கி விட்டுடலாம்."

"சார், அந்தத் தொட்டியிலதான் நோயே இருக்கு. காலி பண்ணிக் காய வைக்காம புதுசு விட்டா அதுக்கும் வரும்."

"காலித் தொட்டியை யாராவது பார்த்தா? திடீர்னு வந்து நின்னா?"

சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அன்று மதியமே என் ரூமில் நாலு நீல டிரம் வந்து இறங்கியது. கட்டிலைச் சுவரோரம் தள்ளினார்கள். கல்லுப்பு வாங்கிவரச் சொல்லிக் கரைத்து, மீனை விட்டேன். பன்னிரண்டு புது மீன் ரிசப்ஷனுக்குப் போனது. மூன்றாம் நாள் அதற்கும் பொட்டு.

அப்போதுதான் மேனேஜருக்கு அந்த யோசனை வந்தது. வேறு எந்த ஊரிலும், வேறு எந்தத் தொழிலிலும் இருக்கிறவருக்கு வந்திருக்காது.

"ஆளுங்க அசந்து போனா நாம இன்னா பண்றோம்? ஷிஃப்ட் போடறோம். மீனையும் ஷிஃப்ட்ல விடுவோம். எட்டு மணி நேரம்தான் தொட்டியில. அதுக்குள்ள நோய் எப்படிப் பிடிக்கும்?"

இன்னொரு பன்னிரண்டு வந்தது. ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட். சைரன் ஊதியதும் ஆட்கள் கேட்டை நோக்கிப் போவார்கள், செக்யூரிட்டி வலையோடு ரிசப்ஷனுக்கு ஓடுவார். ஏ ஷிஃப்ட் மீன் வெளியே, பி ஷிஃப்ட் மீன் உள்ளே. டைம் ஆபீஸில் மீனுக்கெல்லாம் நம்பர் கொடுத்துத் தனியாக ஆஜர் பட்டியல் போட்டார்கள். ஏ ஷிஃப்ட் உதிர்த்துவிட்டுப் போனதை பி ஷிஃப்ட் வாங்கிக்கொண்டது, பி ஷிஃப்ட் விட்டதை சி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாங்களே நோயைக் கையில் எடுத்துப் பரிமாறினோம். ஐந்தாம் நாள் முப்பத்தாறு மீனும் என் ரூமில் இருந்தது.

அங்கே நிற்க இடமில்லை. கட்டில்மேல் இரண்டு பேசின். ஒருத்தன் ஆணி குத்திக்கொண்டு நொண்டி வந்தான். உட்கார இடமில்லாமல், பதினான்காம் நம்பர் மீன் இருந்த பேசினை மடியில் வைத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டான். டிரம்மில் தண்ணீர் மாற்றினால் அந்த உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விட இன்பசேகரன் சம்மதிக்கவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடத்தில் பிடித்துத் தன் பிளான்ட்டுக்கே தூக்கிப் போனார்.

ஆறாம் நாள் ஒன்பதாம் நம்பர் செத்தது. நான் டைம் ஆபீஸுக்குச் சொன்னேன். அங்கிருந்தவர் பழக்கதோஷத்தில் 'தானாக நின்றுவிட்டார்' என்று எழுதிவிட்டார். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"மீனு எப்படிய்யா தானா நிக்கும்? ஒரு உயிரு உடம்பு சரியில்லாம கிடக்குது, நீ பாட்டுக்கு பேரை அடிக்கிறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

நான் அவரையே பார்த்தேன். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அன்றே அவர் உத்தரவு போட்டார். முதலில், தொட்டியைக் காலி பண்ணி வெயிலில் காய வைக்கலாம். சிஸ்டர் சொன்னபடி நடக்கலாம். ரிசப்ஷனில் ஏ.சி. கிடையாது. அப்புறம், எல்லாவற்றுக்கும் டாக்குமென்ட் வேண்டும். ஆடிட்டில் பேப்பர் இல்லாத காரியம் நடக்கவே இல்லாத காரியம். ஒரு பெரிய ரிஜிஸ்டர் வந்தது. மேலே 'தனிமைப் பட்டியல்' என்று தலைப்பு. நம்பர், அடையாளம், நோய், சிகிச்சை, எத்தனை நாள் ஓய்வு, பிறகு அதே தண்ணீரில் விடலாமா, தேவையான பொருள், மேனேஜர் கையெழுத்து. கீழே அவரே சொந்தக் கையால் எழுதினார்: 'இந்தப் பட்டியலில் உள்ள எதற்கும் ஆஜர் வழக்கம்போல் போட வேண்டும். சிஸ்டர் ஃபிட் சர்டிஃபிகேட் தரும்வரை பேரை நீக்கக் கூடாது. கேட்ட பொருளை ஸ்டோர்ஸ் உடனே தர வேண்டும்.'

மூன்று மாதமாக நான் கேட்டது இந்த மூன்று வரியைத்தான்.

செத்த ஒன்பதையும் சேர்த்து முப்பத்தாறு மீனுக்கும் எழுதி முடித்தேன். பேனா நிற்கவில்லை. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கோபத்தில் செய்தேன். 'எண் 37. அடையாளம்: சௌந்தரம், பெண், டிரிம்மிங், டோக்கன் 1184. நோய்: இரண்டு கைகளிலும் வெடிப்பு, கொப்புளம். சிகிச்சை: களிம்பு, குரோம் தண்ணீர் படக் கூடாது. ஓய்வு: பதினான்கு நாள். தேவை: நீளக் கையுறை இரண்டு ஜோடி.' பக்கத்தை எடுத்துப்போய் வைத்தேன். மேனேஜர் போனில் பேசிக்கொண்டே முப்பத்தேழு கையெழுத்தும் போட்டுத் தள்ளினார்.

ஸ்டோர்ஸில் வக்கார் அகமது மட்டும்தான் படித்துப் பார்த்தார். அவர் எதையும் படித்துப் பார்க்கிறவர்.

"சிஸ்டர், மீனுக்கு எதுக்கு க்ளவுஸு?"

"மேனேஜர் சைன் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் இன்னா?"

அவர் கொஞ்ச நேரம் டோக்கன் நம்பரைப் பார்த்தார். பிறகு இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். கூடவே இன்னொரு ஜோடியும் வைத்தார். "இது ஜாஸ்தி இருக்கு, எடுத்துட்டுப் போங்க. சின்ன மீனு ஏதாச்சும் இருக்கும்," என்றார்.

சௌந்தரத்துக்கு விளங்கவைக்கத்தான் நேரம் பிடித்தது.

"அப்ப நான் மீனா சிஸ்டர்?"

"பதினாலு நாளைக்கு."

"சம்பளம்?"

"ஆஜர் இருக்கு. சம்பளம் வரும்."

"பேரை அடிக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க. நான் எழுதிக் குடுத்தாதான் உண்டு."

அவள் டிரம்மை எட்டிப் பார்த்தாள். தெளிந்த ஒரு மீன் அவளைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. "இதுங்களுக்கு இருக்கற நேரம் பாரேன்," என்று சிரித்தாள். பிறகு சட்டென்று அழுதுவிட்டாள். கண்ணைத் துடைக்கக்கூட அந்தக் கையால் முடியவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

ஆடிட் நாள் வந்தது. முப்பத்து நாலு மீன் பிழைத்திருந்தது. அதில் நல்ல கலராகப் பன்னிரண்டைப் பொறுக்கி, காய வைத்துக் கழுவிய தொட்டியில் புதுத் தண்ணீரில் விட்டிருந்தோம். மீட்டர் முந்நூற்றுத் தொண்ணூறு காட்டியது. இன்பசேகரன் சலவைச் சட்டையோடு தொட்டி பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றார்.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்த சங்கீதா என்ற பெண். முப்பது வயசுகூட இருக்காது. தொட்டியை ஒரு நிமிஷம் பார்த்தாள். ரிஜிஸ்டரை அரை மணி நேரம் பார்த்தாள்.

"இவ்ளோ கம்பெனி பார்த்திருக்கேன். மீனுக்கு மெடிக்கல் ரெக்கார்ட் எங்கயும் பார்த்ததில்ல சார். எக்ஸலன்ட்," என்றாள்.

மேனேஜர் இரண்டு அங்குலம் உயர்ந்தார். பக்கத்தைத் திருப்பினாள். விரல் கடைசி வரியில் நின்றது.

"இதுக்கு மட்டும் பேர் வெச்சிருக்கீங்க?"

"எங்க மீனுக்கெல்லாம் பேர் வெக்கறது உண்டு மேடம்," என்றார் மேனேஜர். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இது எங்க இப்ப?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அணைக்கட்டுல," என்றேன்.

"ஏரியில விட்டிருக்கோம் மேடம். நேச்சுரல் சூழ்நிலையில சீக்கிரம் குணமாகும்னு சிஸ்டர் அபிப்பிராயம்," என்று அவர் கூசாமல் சேர்த்துக்கொண்டார்.

"போட்டோ இருக்கா? எவிடென்ஸ் அட்டாச் பண்ணணும்."

இங்கேயே நான் உளறி மழுப்பியிருக்கலாம். ரிஜிஸ்டரில் தப்பு எழுதியவள் என்று அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்ப முடியும். நெல்வின் காலேஜ் கடைசி வருஷம். அதெல்லாம் நினைவுக்கு வந்தது. என் கை அதற்குள் போனை எடுத்துவிட்டது. ரெஸ்ட்டுக்குப் போகிற அன்று சௌந்தரத்தின் கையை எடுத்து வைத்திருந்த படம். மேஜைமேல் வைத்தேன்.

சங்கீதா போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மேனேஜரும் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்து, முப்பத்தேழாம் வரியை முதல் முறையாகப் படித்தார். எதிரில் தன் கையெழுத்து. கீழே தன் உத்தரவு. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது மீனா?" என்றாள் சங்கீதா.

"ரிஜிஸ்டர்ல மீனுதான் மேடம்."

"தொழிலாளின்னே எழுதியிருக்கலாமே?"

"தொழிலாளிக்கு ஃபார்மட் இல்ல மேடம். நாலு தடவை எழுதிக் கேட்டேன். மீனுக்குத்தான் இருக்கு."

ஏ.சி. நிறுத்திய ரிசப்ஷனில் எல்லோருக்கும் வேர்த்தது. சங்கீதா பேனாவை மூடினாள், திறந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ரிஜிஸ்டரைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"சிஸ்டர், சிகிச்சை முடிஞ்சப்புறம் அதே தண்ணியில விடலாமா கூடாதான்னு எல்லா மீனுக்கும் எழுதியிருக்கீங்க. முப்பத்தேழுக்கு மட்டும் எழுதல. இன்கம்ப்ளீட்டா இருந்தா நான் குறைன்னு பாயின்ட் போட வேண்டி வரும்."

அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் எழுதினேன்: 'கூடாது. அதே தண்ணீரில் விட்டால் திரும்ப வரும். ஈரமில்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும்.' ரிஜிஸ்டரை மேனேஜர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் பேனாவை எடுத்தார். இந்த முறை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'பேக்கிங் செக்‌ஷன்' என்று தானே எழுதித் தேதி போட்டார்.

சங்கீதா கார் ஏறிப் போனதும் அவர் என் ரூமுக்கு வந்தார். டிரம் எல்லாம் எடுத்தாகிவிட்டது, கட்டில் பழைய இடத்தில் இருந்தது. அதில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைத் திட்ட வந்தவர் என்றுதான் நினைத்தேன்.

"சிஸ்டர்."

"சொல்லுங்க சார்."

"டிரிம்மிங்ல இன்னும் எத்தினி மீனு இருக்கு?"

"நாப்பத்தொண்ணு சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து கதவுவரைக்கும் போய் நின்றார். "ஒவ்வொண்ணா அனுப்பறேன். எல்லாம் ஒரே நாள்ல வந்தா உங்களுக்குப் பேஜார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் பூட்டைத் திறக்கும்போதே வாசலில் ஒருத்தி நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் புடவைத் தலைப்பில் சுற்றி மறைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பிரித்து நீட்டினாள்.

"சிஸ்டர், நான்தான் முப்பத்தெட்டு," என்றாள்.